அரைப்பதற்கு முன் பார்த்தவர்

ராய்ஸ் டில்லரி இறந்து ஒரு நாள் முழுசாகக் கழிந்த பிறகும் அவர் வீட்டுப் படியேறி ஒரு தட்டுகூட வரவில்லை. தெற்கு ஜார்ஜியாவின் நிலக்கடலைச் சீமையில் இது சின்ன விஷயமா என்ன? அங்கே சாவு விழுந்த வீட்டில் அழுகைக்கு முன்னால் சாப்பாடு வந்து நிற்கும். பிணவண்டி தெருமுனை திரும்புவதற்குள் பொரித்த கோழி, பன்றித்தொடை, சோளரொட்டி, மூன்று தினுசு கேக் என்று சமையலறை மேடை நிறைந்துவிடும். செத்தவன் குடிகாரனாக இருக்கட்டும், கோள்மூட்டியாக இருக்கட்டும், அதற்காகத் தட்டு வராமல் இருந்ததாக அந்த ஊரில் யாருக்கும் நினைவில்லை.

ராய்ஸுக்கு வரவில்லை. புதன்கிழமை காலை காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். சேதி ஊர் முழுக்கப் பரவும் முன்னே, அன்று மத்தியானமே புயல் அடித்தது. வியாழக்கிழமை முழுக்க அவர் மனைவி இமோஜீன் ஜன்னலோரம் உட்கார்ந்து பாதையைப் பார்த்தபடி இருந்தாள். நாற்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

அவள் தங்கை நெல்டா துணைக்கு வந்திருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. ரோடு முழுக்க பைன் மரம் விழுந்து கிடக்கிறது, ஊரில் ஒரு வீட்டிலும் கரண்ட் இல்லை, போனும் செத்துக் கிடக்கிறது, ஓவன் எரியாமல் எவள் கோழி வறுப்பாள் என்று நெல்டா நியாயம் சொல்லிப் பார்த்தாள்.

"அதெல்லாம் இல்லடி," என்றாள் இமோஜீன். "இவருக்கு வராது. எனக்குத் தெரியும்."

தெரியும் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. ராய்ஸ் முப்பத்தோரு வருஷம் கடலைத் தரம் பார்க்கும் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். அறுவடைக் காலத்தில் விவசாயிகள் வண்டி வண்டியாகக் கடலையைக் கொண்டுவந்து கொள்முதல் கொட்டகையில் வரிசைகட்டி நிற்பார்கள். ராய்ஸ் ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஒரு பங்கு எடுத்து, தோலுரித்து, விளக்குக்கு அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பருப்பு பருப்பாகப் பார்ப்பார். மஞ்சளும் பச்சையுமாய்ப் பூசணம் பிடித்த பருப்பு ஒன்று கண்ணில் பட்டால் போதும். அந்த வண்டி முழுக்க மூன்றாம் தரம். அந்தப் பூசணம் ஈரலை அரிக்கும் விஷம்; அதனால் அது மனுஷர் வாய்க்குப் போகாது, விஷம் நீக்கும் எண்ணெய் ஆலைக்குத்தான் அடிமாட்டு விலைக்குப் போகும். ஒரு வருஷ உழைப்பு அந்த ஒரு பருப்போடு மண்ணாய்ப் போகும். அப்படிப்பட்ட மனுஷரை ஊர் மடியில் வைத்துக் கொஞ்சுமா? தேவாலயத்தில் டில்லரி குடும்பம் உட்காரும் பெஞ்சில் பாதி எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

இத்தனைக்கும் ராய்ஸ் கடலைப் பைத்தியம். கோடை வந்துவிட்டால் மத்தியானம் குளிர்ப்பெட்டிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அந்தக் குளிரில் நின்றபடியே, கடலையை அரைத்த பீனட் பட்டர் பாட்டிலுக்குள் கரண்டியை விட்டுத் தின்பார். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று இமோஜீன் கத்துவாள். அவர் கரண்டியை நக்கிக்கொண்டே ஒரு வார்த்தை சொல்வார்.

"அரைச்சதுக்கு அப்பறம் இதுக்குள்ள என்ன இருக்குன்னு யாராலயும் பாக்க முடியாது இமோஜீன். அரைக்கறதுக்கு முன்னாடி ஒருத்தன் பாத்திருக்கணும்."

நாற்பது தடவை கேட்ட பேச்சு. அவள் காதில் வாங்கியதே இல்லை.

ஹாலிஸ் விவகாரம்தான் எல்லாவற்றுக்கும் உச்சம். ஹாலிஸ் ராய்ஸின் சித்தப்பா மகன், ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்து வளர்ந்தவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆகஸ்ட் மாதம் அவன் மனைவி கொரீன் போய்ச் சேர்ந்தாள். இமோஜீன்தான் முதல் ஆளாக ஓடினாள், தன் நீளக் கண்ணாடித் தட்டு நிறையக் கோழியும் சோறும் சேர்த்து ஓவனில் வேகவைத்து எடுத்துக்கொண்டு. அக்டோபரில் ஹாலிஸின் கடலை கொட்டகைக்கு வந்தது. மழை பொய்த்த வருஷம், வாடின கடலையில்தான் அந்தப் பூசணம் சுலபமாக ஏறும். ராய்ஸ் தம்பியின் வண்டியில் ஒரு பருப்பைப் பார்த்துவிட்டார். மூன்றாம் தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இமோஜீன் அன்றைக்குப் பொரிந்து தள்ளினாள். பொண்டாட்டியைப் புதைத்து இரண்டு மாதம் ஆகாதவன், ஒரே ஒரு பருப்பு, கண்ணை மூடிக்கொண்டால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

"பாத்துட்டேனே," என்றார். "பாத்தாச்சே."

அதற்குப் பிறகு ஹாலிஸ் பேசவில்லை. அந்தக் கண்ணாடித் தட்டும் திரும்பி வரவில்லை. அந்த ஊரில் வாங்கின தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது, ஏதாவது போட்டுத்தான் தர வேண்டும். தட்டே வராவிட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம். இமோஜீன் தான் சொன்ன வார்த்தையையும் திரும்பப் பெறவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் நெஞ்சை அறுத்தது. ஊரும் அவரைத் தப்பு என்று சொல்கிறது, நானும் அன்றைக்கு அதையேதான் சொன்னேன், அந்த மனுஷர் யார் துணையும் இல்லாமல் போய்விட்டாரே என்று வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வெந்து நொந்தாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அடக்கம். காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. ஐந்தாறு பேர் வந்தால் அதிகம் என்பது அவள் கணக்கு. அடக்கத்துக்குப் பிறகு அந்த ஐந்தாறு பேருக்காவது வாயில் போட ஏதாவது வேண்டுமே. வீட்டில் இருந்தது ஒரு டப்பா உப்பு பிஸ்கட்டும் ராய்ஸ் பாதி தின்று வைத்த பீனட் பட்டர் பாட்டிலும்தான். அவர் கரண்டி பாட்டிலுக்குள்ளேயே நின்றது. அதை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டாள். செத்தவர் பொண்டாட்டியே சாவுச் சாப்பாடு தூக்கிக்கொண்டு போவதா என்று நெல்டா முணுமுணுத்தாள். அவமானம் அவள் காதுவரை சிவந்து தெரிந்தது.

தேவாலயத்துக்கு ஒரு மைல் இருக்கும்போதே வண்டியை ஊர்ந்தபடி ஓட்ட வேண்டியதாயிற்று. மரம் விழுந்து அல்ல. ரோட்டின் இரண்டு ஓரத்திலும் வண்டிகள். பிக்கப் வண்டிகள், டிராக்டர்கள், பள்ளிக்கூட பஸ் ஒன்று. விழுந்த பைன் மரங்களை யாரோ ராத்திரியோடு ராத்திரியாக அறுத்து ஓரம் தள்ளியிருந்தார்கள். மரத்தூள் இன்னும் ஈரமாகவே கிடந்தது. கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. இமோஜீன் காரிலிருந்து இறங்கியதும் ஆம்பிளைகள் தொப்பியைக் கழற்றினார்கள். அவர்களில் எத்தனை பேர் கடலையை ராய்ஸ் மூன்றாம் தரம் என்று தள்ளியிருந்தார் என்று அவளுக்கு முகம் முகமாகத் தெரியும். போதகர் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. இத்தனை பேரா, இவருக்கா என்று அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள்.

அடக்கம் முடிந்து ஓக் மரங்களுக்கு அடியில் போனால், அங்கே பதினாறு மேஜைகள் போட்டிருந்தன. எல்லாவற்றிலும் தட்டுகள், ஈ மொய்க்காமல் துணி போட்டு மூடி. நெல்டாவுக்குப் பொறுக்கவில்லை, முதல் துணியை விலக்கினாள். பீனட் பட்டரும் மாவுச் சர்க்கரையும் பிசைந்து பிடித்த உருண்டைகள். இரண்டாவது துணி. ஓட்ஸும் தேனும் பீனட் பட்டரும் சேர்த்த வில்லைகள். மூன்றாவதில் சோள அவல் கலந்து அழுத்திய துண்டுகள். அடுத்ததில் இரண்டு உப்பு பிஸ்கட்டுக்கு நடுவே அதே பீனட் பட்டர். ஐஸ் பெட்டிகளைத் திறந்தால் பை என்கிற வட்ட இனிப்பு ஒன்பது, எல்லாம் பீனட் பட்டர், நுரைத்த கிரீமைத் தலையில் சுமந்துகொண்டு. வாழைப்பழத்தைப் பிளந்து உள்ளே தடவியது, பேரீச்சம்பழத்துக்குள் அடைத்தது, செலரிக் கீரைத் தண்டில் தடவி மேலே திராட்சை ஒட்டியது. துணியை எடுக்க எடுக்க அதேதான்.

"அக்கா," என்றாள் நெல்டா மெதுவாக, "உப்பு ஒறப்பா ஒருத்திகூடவா ஒண்ணும் செய்யல?"

தேவாலயத்துச் சாப்பாட்டுப் பட்டியலை வைத்திருக்கும் வெர்டா அம்மாள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவள்தான் ஒவ்வொரு சாவுக்கும் வீடு வீடாகப் போன் போட்டு, உனக்குக் கோழி, உனக்கு பீன்ஸ், நீ கேக் என்று பிரித்துக் கொடுப்பவள். இந்தத் தடவை போன் இல்லை, சாவுச் சேதியே வாய்வழியாகத்தான் பரவியது. அவரவர் தனித்தனியாக யோசித்தார்கள். ஓவன் இல்லை, அடுப்பு இல்லை, கெட்டுப்போகாமல் வீட்டில் இருப்பது பீனட் பட்டர். சரி, மற்றவர்கள் கோழி கொண்டுவருவார்கள், நாம் இதைச் செய்து போவோம். நூற்றுச்சொச்சம் வீடும் இதையே யோசித்திருக்கிறது. முதலில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், இமோஜீனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெயிலில் உருண்டைகள் இளகி எண்ணெய் விட ஆரம்பித்தன, கரண்டியால் அள்ளித்தான் தின்ன வேண்டியிருந்தது.

தின்றார்கள் பாருங்கள். இமோஜீன் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கைக்குழந்தைக்கு ஒருத்தி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். எட்டு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு இன்னொருத்தி மூன்றாவது உருண்டையை விழுங்கினாள். தொண்ணூறு வயசுக் கிழவர் ஒருவர் அந்த வட்ட இனிப்பைத் தட்டோடு மடியிலேயே வைத்துக்கொண்டார். ஒருத்தராவது முகர்ந்து பார்க்கவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பிட்டுப் பார்க்கவில்லை. அரைத்ததற்கு அப்புறம் யாராலும் பார்க்க முடியாது என்று அவர் சொன்னாரே! முப்பத்தோரு வருஷம் இந்த ஊர் பார்க்காமல் தின்றிருக்கிறது, ஏனென்றால் ஒரு மனுஷர் பார்த்திருக்கிறார். நாற்பது தடவை கேட்டும் ஏறாத பேச்சு அன்று அந்த மரத்தடியில்தான் அவளுக்கு ஏறியது. இப்படிப்பட்டவரோடா நான் கரண்ட் பில்லுக்குச் சண்டை போட்டேன் என்று நினைத்தாள்.

அப்போதுதான் கூட்டம் லேசாக விலகியது. ஹாலிஸ் வந்துகொண்டிருந்தான். பதினோரு வருஷத்தில் முதுகு கூனிப்போயிருந்தது. கையில் தட்டு. துணிகூடப் போடத் தெரியாமல் செய்தித்தாளால் மூடிக்கொண்டு வந்திருந்தான். நெல்டா அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி," என்றான் ஹாலிஸ். "தட்டைத் திருப்பிக் குடுக்க லேட்டாயிடுச்சு."

செய்தித்தாளை விலக்கினான். அதே நீளக் கண்ணாடித் தட்டு. பீனட் பட்டரையும் நொறுக்கின பிஸ்கட்டையும் கோணல்மாணலாக அழுத்தி, மேலே சாக்லேட் ஊற்றியிருந்தான். அடியில் கை கொடுத்து வாங்கியபோது ஒட்டுநாடா அவள் விரலில் நெருடியது. அவள் கையெழுத்தில் டில்லரி என்று எழுதி ஒட்டியது, பதினோரு வருஷமாக ஒருவன் அதைப் பிய்க்காமல் கழுவி வைத்திருக்கிறான்.

"வெறுந்தட்டாக் குடுக்கக் கூடாதுன்னு தெரியும். கொரீன் இருந்தா நல்லாச் செஞ்சிருப்பா. கரண்ட் இல்ல, சாக்லேட்டை வண்டி எஞ்சின் மூடிமேல வெயில்ல வெச்சு உருக்கினேன். ஒரு பூச்சி விழுந்துச்சு, எடுத்துட்டேன்."

"நல்லவேளை சொன்னே," என்றாள் நெல்டா.

ஹாலிஸ் சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே நின்றான்.

"அன்னிக்கு அண்ணன் கண்ண மூடிட்டு விட்டிருந்தார்னா நான் சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பேன் அண்ணி. அந்தக் கடலை எந்த வீட்டுப் புள்ள வயித்துக்குப் போகும்னு நெனச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டேன். பதினோரு வருஷம் அவர்மேல கோவமாத்தான் இருந்தேன், பொய் சொல்லல. ஆனா என் பேத்திக்கு பீனட் பட்டர் தடவிக் குடுக்கறப்போ ஒரு நாளும் எனக்குப் பயம் வந்ததில்ல. தம்பி வண்டியவே விடாத மனுஷன், வேற எவன் வண்டிய விட்டிருப்பாரு?"

மூன்று நாளாக வராத கண்ணீர் இமோஜீனுக்கு அப்போது வந்தது. துடைக்கவில்லை. தட்டை மேஜைமேல் வைத்தாள், பையைத் திறந்து பாட்டிலிலிருந்து ராய்ஸின் கரண்டியை உருவினாள், ஹாலிஸ் செய்ததில் ஓரமாக ஒரு வாய் வெட்டித் தின்றாள். சர்க்கரை அதிகம், நறநற என்று கடிபட்டது. பூச்சி எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவே இல்லை. நின்றபடியே இன்னொரு வாயும் தின்றாள்.

சாயங்காலம் மேஜைகளை மடக்கும்போது ஹாலிஸ் காலித் தட்டைக் குழாயடியில் கழுவி, சட்டையில் துடைத்து அவளிடம் நீட்டினான். இமோஜீன் கையை நீட்டவில்லை.

"நீயே வச்சுக்க," என்றாள். "திருப்பித் தரவேண்டியது ஒண்ணு இருந்தாத்தானே வருவே."

ஹாலிஸ் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுத் தன் வண்டியைப் பார்த்து நடந்தான்.