யார் போய்ச் சொல்வது

அண்ணன், அண்ணி, அக்கா, அத்தான், அப்புறம் சுவரில் சாய்ந்து தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்த அவன்... கூடத்தில் இருந்தது இத்தனை பேர்தான், உள்ளறையில் அப்பா, வலது காலைத் தலையணைமேல் போட்டுக்கொண்டு. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய கால், சர்க்கரைப் புண் தின்றது போக மிச்சமிருக்கும் கால், நாளைக் காலையில் முழங்காலோடு போகப்போகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. புண்ணைச் சுத்தம் பண்ணுவார்கள், அவ்வளவுதான் என்று அண்ணன் அளந்துவைத்திருந்தான், அவரும் அதை நம்பி, மறுபடி எப்போது ஸ்டியரிங் பிடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சியும் டாக்டர் மசியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், சாயங்காலம் போன் பண்ணுவேன், அவர் வாயால் சரி என்று கேட்காமல் கத்தியைத் தொடமாட்டேன், தள்ளிப்போட்டால் விஷம் மேலே ஏறிவிடும்... அப்புறம் காலுக்காக அழ ஆளே இருக்காது. சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது.

கெட்ட சேதி சொல்ல இந்தக் குடும்பத்துக்கு எப்போதும் ஒரு வெளியாள் வேண்டும். அம்மா போய்விட்டதை அப்பாவிடம் சொன்னது ஆஸ்பத்திரி லிஃப்ட்காரர், பெற்ற பிள்ளைகள் படிக்கட்டில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து நின்றார்கள். அண்ணனுக்கு வேலை போனதை அண்ணிக்குச் சொன்னது பால்காரர். அவன் படிப்பை விட்டதைக்கூட அப்பாவுக்குக் கண்டக்டர்தானே சொன்னார்? இந்தத் தடவை வெளியாள் பந்தைத் திருப்பி வீட்டுக்குள்ளேயே எறிந்துவிட்டார், அதுதான் எல்லோர் முகத்திலும் இப்படி இஞ்சி தின்ற களை. பள்ளிக்கூட வாத்தியாரான அத்தானுக்கு மட்டும் குஷி, பாடம் நடத்த ஒரு வார்த்தை கிடைத்துவிட்டதே. “தைரியம்ங்கிறது தீரன்லருந்து வந்தது மச்சான், தீரன்னா நிலைகுலையாதவன். துணிவு அப்படியில்ல, அது நம்ம சொல்லு. துணியறதுன்னா அறுபடுறது. தயக்கம் அறுந்து விழுந்தாத்தான்...” “போதும், அறுக்கிற பேச்சே வேணாம்,” என்று அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். வார்த்தையின் வேர்வரைக்கும் தோண்டுகிற மனுஷனுக்கு நாலு எட்டு எடுத்து வைத்தால் இருக்கிற கதவு தெரியவில்லை, தூ.

“அப்போ நீங்களே போய்ச் சொல்லுங்க அத்தான்,” என்றான் அண்ணன்.

“நான் மருமகன், மச்சான். பெத்த பிள்ளை சொல்றதுதான் முறை.”

“எனக்கு பிரஷர் இருக்கு. டேய் ஆந்தை, நீ போடா. அப்பாவுக்கு நீதானே செல்லம்?”

என்றைக்கிலிருந்து? ராத்திரியெல்லாம் குளிர்கிடங்குக்குக் காவல் இருந்துவிட்டுப் பகலில் தூங்குவதால் வைத்த பெயர் ஆந்தை, இன்றைக்குத் திடீரென்று செல்லம்... அவன் கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டான், கொஞ்சம் குறட்டைகூட விட்டான், சீ, தனக்கே வெட்கமாக இருந்தது. “யாராவது இருக்கீங்களா? டாக்டர் போன் பண்ணாரா?” உள்ளிருந்து அப்பா. அப்போதுதான் அண்ணி எழுந்தாள்.

அண்ணியா? சோப்பை இரண்டாக நறுக்கிப் பாதியை ஒளித்துவைக்கிறவள், குழாயடியில் ஒரு குடத்துக்காகத் தெருவையே கூட்டுகிறவள், அவன் வேலையை ‘ஐஸுக்குக் காவல்’ என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள். பாதித் திறந்த இமைவழியே பார்த்தான். தண்ணீர் குடித்தாள், டம்ளர் பல்லில் இடித்தது, பாதி தண்ணீர் கழுத்தில் வழிந்தது. “நல்லா உக்காந்து அர்த்தம் பாருங்க,” என்றாள், யாரையும் பார்க்காமல். கதவுவரைக்கும் போனாள், திரும்பிவிடுவாள் என்று நினைத்தான், திரும்பினாள்கூட, ஒரு எட்டு, பிறகு மறுபடி போனாள். அத்தான் சொன்ன எதில் இது சேரும்? நிலைகுலையாமலா போகிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டல்லவா போகிறாள், தயக்கம் எங்கே அறுந்தது, அதுவும் கூடவே உள்ளே போகிறது... கதவு சாத்திக்கொண்டது. கீழ்த் தாழ்ப்பாள் விழுகிற சத்தம். அண்ணன் பெருமூச்சு விட்டான், அத்தான் பேப்பரை விரித்தார், ஒரு வேலை முடிந்ததுபோல. ஆனால் தாழ்ப்பாள் எதற்கு? அப்பாவால் எழுந்து வர முடியாது. இந்தக் கூடத்திலிருந்து எவனும் உள்ளே வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியாதா? அப்படியானால் பாதியில் வெளியே ஓடிவந்துவிடாதபடி அவள் அடைத்துக்கொள்வது தன்னைத்தானா... “என்னம்மா, கதவை ஏன் சாத்துறே?” என்று அப்பாவின் குரல் கேட்டது. மேல் தாழ்ப்பாளும் விழுந்தது.