சங்கிலியம்மாவின் எலுமிச்சை

எங்கள் பால்கனி மேற்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் கம்பியில் கை வைக்க முடியாது. முதலில் வைத்த ரோஜா ஒரே வாரத்தில் கருகிப்போனது.

"நீயும் கருகிடப் போற, உள்ள வா" என்றார் அண்ணி.

அண்ணனும் அண்ணியும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் மின்விசிறியும்தான். படிப்பை நிறுத்திய பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, சமையல் ஆயிற்றா என்பதைத் தவிர.

வெயிலுக்கு அசராத செடிகளாகப் பார்த்து வைத்தேன். நித்தியகல்யாணி, சீனியா, உண்ணிப்பூ, எல்லாம் காலி பெயிண்ட் வாளிகளில். பூத்ததும் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது. கறுப்பில் மஞ்சள் திட்டுகள். உண்ணிப்பூவில் தேன் குடித்துவிட்டுக் கீழே இறங்கியது. எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டின் பின்பக்கத்து எலுமிச்சைச் செடியில் இலை இலையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்து, கீழ்வீட்டம்மா அந்தச் செடியிலிருந்து கறுத்த புழுக்களைத் தட்டிவிட்டுச் செருப்பால் தேய்ப்பதைப் பார்த்தேன்.

அவருக்கு அண்ணன் வைத்த பெயர் சங்கிலியம்மா. யார் வந்தாலும் கதவுச் சங்கிலியை எடுக்காமல், ஒரு கை நுழையும் இடைவெளியில்தான் பேசுவார். நான் யார் வீட்டுக் கதவையும் தட்டியதில்லை. அன்று தட்டினேன்.

"யாரு?"

"மேல்வீடும்மா."

"தண்ணி சொட்டுதுன்னு போன மாசம் கத்தினேன். இப்பத்தான் காதுல விழுந்துச்சா?"

"அதில்லம்மா. அந்தப் புழுவெல்லாம்... கொல்லாதீங்க. எனக்குக் குடுத்துடுங்க."

ஒரு கண் என்னை மேலும் கீழும் பார்த்தது.

"சர்க்கரை கேட்டு வருவாங்க, தீப்பெட்டி கேட்டு வருவாங்க. புழு கேட்டு வந்தவ நீதான். பின்பக்கமாப் போய்ப் பொறுக்கிக்க."

டிபன் டப்பாவில் போட்டு எடுத்து வந்தேன். மூடியில் ஆணியால் துளை போட்டேன். புழுக்களோடு வந்த கொஞ்சநஞ்ச இலையை ராத்திரிக்குள் தின்று தீர்த்துவிட்டன. என் செடிகளின் இலையைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலுமிச்சை இலைதான் வேண்டும். தினமும் காலையில் இலை வாங்க வேறொரு டப்பாவோடு கீழே போக வேண்டியதாயிற்று.

"உன் மாப்பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்டபடி சங்கிலிக்கு மேலாக இலையை நீட்டுவார்.

"பச்சையாயிட்டாங்கம்மா."

"நிறம் ஏறிடுச்சா! அப்ப கல்யாணத்துக்குப் பாத்துட வேண்டியதுதான்."

படியிறங்கும்போதே இன்றைக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு போவேன். மேலே ஏறும்போது அவர் சொன்னதை நினைத்துச் சிரித்துக்கொண்டு வருவேன். அதற்கப்புறம் அண்ணி வரும்வரை பேச்சே கிடையாது.

பிறகு புழுக்கள் ஒவ்வொன்றாக மூடியில் ஏறி ஒட்டிக்கொண்டு கூடாகிவிட்டன. போட்ட இலை அப்படியே கிடந்தது. இனிக் கீழே போகத் தேவையில்லை.

மறுநாளும் போனேன்.

"இன்னும் தின்னுதா?"

"நல்லாத் தின்னுதும்மா."

வாங்கிவந்த இலையை வாளி மண்ணில் போட்டு மூடினேன். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே செய்தேன். மேலிருந்து பார்த்தால் எலுமிச்சையின் அடிக்கிளைகள் மொட்டையாகத் தெரிந்தன. பார்க்கவே கூசியது. காலையானால் கால் தானாகப் படியிறங்கியது.

ஒரு காலையில் கூடுகள் வெடித்தன. ஈரச் சிறகோடு வெளியே வந்தவற்றைச் சீனியாப் பூவில் ஏற்றிவிட்டேன். எதுவும் குடிக்கவில்லை. சிறகு காய்ந்ததும் எதிர்வீட்டு மாடியைத் தாண்டிப் போய்விட்டன. வெயில் ஏறும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெறுங்கையோடு கீழே போய்த் தட்டினேன்.

"டப்பா எங்க?"

"எல்லாம் பறந்துபோச்சும்மா. கூடு கட்டுன நாள்லருந்தே அது எதுவும் தின்னல. நான்தான் சும்மா..."

"கூட்டுக்குள்ள போனது எப்படித் தின்னும்? அதுகூடவா எனக்குத் தெரியாது?"

"அப்புறம் ஏன் பறிச்சுக் குடுத்தீங்க?"

இடைவெளியில் தெரிந்த கண் விலகிக்கொண்டது.

"கிளையைக் கழிச்சுச் செடியைக் கவாத்துப் பண்ணணும்னு இருந்தேன்" என்றார். கதவு சாத்திக்கொண்டது.

அவ்வளவுதான் என்று திரும்பினேன். கதவை முழுக்கச் சாத்தினால்தான் சங்கிலியைக் கழற்ற முடியும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பாதிப் படி ஏறியிருந்தேன், பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டது.

"ஏய் மேல்வீடு, எங்க ஓடுற?"