லுப்னாவின் நாற்றுத் தட்டும் என் தேரி மண்ணும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கீழ்வீட்டு லுப்னாவின் தக்காளி விதை முளைத்துவிட்டது, என்னுடையது முளைக்கவில்லை. காலடிப்பேட்டையில் எங்கள் இருவருக்கும் ஒரே மொட்டைமாடி, ஒரே வெயில். விதைகூட ஒரே பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டதுதான். கதை எழுத வேறென்ன காரணம் வேண்டும்?

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘புதிதாகச் செடி வளர்ப்பவர்கள் மண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது…’ வேண்டாம். தேர்ந்தெடுத்த லட்சணம் மாடியில் கிடக்கிறது.

2

முதல் வரைவில் அவளுக்கு ரோசி என்று பெயர் வைத்து, பல் எடுப்பு என்றும் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். லுப்னாவுக்குப் பல்வரிசை நன்றாகத்தான் இருக்கும். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

3

மண் வந்த கதை. எங்கள் கடைக்குக் கருப்பட்டி ஏற்றிவரும் லாரியில், என் வீட்டுக்காரர் தவசிமுத்து ஊரிலிருந்து ஒரு மூட்டை தேரி மண் வரவழைத்தார். செக்கச்சிவந்த மணல். “நம்ம ஊரு மண்ணு, வராமயா போவும்?” என்றார். நானும் நம்பினேன். (அங்கே அதில் நிற்பது பனை என்பது இருவருக்கும் நினைவில்லை.)

லுப்னா அதை அள்ளிப் பார்த்தாள்.

“அழகா கீதுக்கா. ஆனா தண்ணி நிக்காதே. தேங்கா நார்த்தூள நாலு தபா நல்லா அலசு, ஜலிச்ச மண்புழு உரம் கொஞ்சம் கலந்துக்கோ. புடிச்சி பிழிஞ்சா ரெண்டு சொட்டு வரணும், அவ்ளோதான்.”

“தூள்ல வளர்க்கறதெல்லாம் ஒரு செடியா?” என்றேன்.

அவள் கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் போனாள், நான் அந்த மணலிலேயே விதைத்தேன். ஊற்றிய தண்ணீரெல்லாம் மணலுக்குள் ஓடிப்போக, என் விதைகள் காய்ந்து கிடந்தன. அவள் தட்டுகளில் பச்சை தலைகாட்டியது. இதற்குள் நான் சபையில் மகிமா அக்காவிடம், இந்த வருஷம் அறுப்பின் பண்டிகையில் காணிக்கை விளைச்சலை ஏலம் விடும்போது அதற்கு என் கையால் வளர்த்த தக்காளிதான் என்று சொல்லித் தொலைத்திருந்தேன். ஆலயத்தில் அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

4

நிஜத்தில் முடியாததைக் கதையில் செய்யலாம்.

[மணலித் தொழிற்சாலைப் பக்கமிருந்து வந்த புகையில் அவள் நாற்றுகள்]

[எறும்புகள் வரிசையாக வந்து]

[ஒரு பூனை]

மூன்றாவது வாக்கியத்தில் இருந்தபோது லுப்னா கதவைத் தட்டினாள். கையில் பை.

“ஜெனிக்கா, வியாசர்பாடில அம்மா வூட்டுக்குப் போயினு வரேன். தட்டுக்கு நீதான் தண்ணி தெளிக்கணும். அதுல பாதி உனுக்குத்தான் போட்டுகீறேன்.”

“எந்தப் பாதி?”

“வந்துதான் சொல்வேன்.” சிரித்தாள், அந்தப் பல்வரிசையோடு.

5

இப்போது மாடியில் நிற்கிறேன். என் முன்னால் இரண்டு குடம். ஒன்றில் குழாயில் பிடித்த மெட்ரோ தண்ணீர், நல்ல தண்ணீர். இன்னொன்றில் எங்கள் போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. இளநாற்றுக்கு ஊற்றினால் வாடிவிடும்.

முடிவு அ: போர் தண்ணீரை ஊற்றுகிறேன். ஆனால் பாதி என்னுடையது, எது என்று தெரியாது.

முடிவு ஆ: நல்ல தண்ணீரைத் தெளிக்கிறேன், என் பங்கை வாங்கிக்கொள்கிறேன், பண்டிகைக்குப் பழம் கொண்டுபோகிறேன். எல்லாரும் பாராட்டுவார்கள். அது அவள் முளைக்கவைத்த செடி என்று எனக்குத் தெரியும்.

முடிவு இ யோசிக்கும்போதுதான் உறைத்தது. என் மனதில் இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டு பேர் செடியையும் கலந்து வைத்து, என்னையே காவலுக்கு நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள். எழுதுகிறவள் நான். இத்தனை வரைவு கிழித்தும் இப்படி ஒரு திருப்பம் எனக்கு வரவில்லை. அவளுக்கு வந்துவிட்டது.

செடியைக்கூட விட்டுவிடுவேன், இதை எப்படிப் பொறுப்பது? இந்தக் கதையின் முடிவையும் அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. நீங்கள் வாருங்கள். குடம் இரண்டும் இங்கேதான் இருக்கின்றன. எதைத் தூக்குவது என்று நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், வெயில் ஏறுகிறது, நாற்று தலைசாய்கிறது.