வெள்ளச்சியின் மேல் கட்டிய பந்தயம்

"மலட்டு ஆட்டைக் கட்டிப்போட்டுத் தீனி போட நான் என்ன சத்திரமா நடத்துறேன்?" என்று என் மாமியார் அமிர்தம் வாய்க்கால் கரையில் நின்று கத்தினார். சொன்னது ஆட்டை. பார்த்தது என்னை. கல்யாணமாகி நாலு வருடத்தில் அந்தப் பார்வை பழகியிருக்க வேண்டும். எங்கே பழகுகிறது? ஒவ்வொரு தடவையும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

எங்கள் பக்கத்து ஆடுகள் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். என் கணவர் பரணிதரன் வெளியூர்ச் சந்தையில் வாங்கிவந்த கிடாவுக்குப் பிறந்த பெட்டைகளோ இரட்டை இரட்டையாகப் போட்டன. திருத்துறைப்பூண்டி வரைக்கும் இதே பேச்சு. கிடாவை இரவல் கேட்டவர்களிடம், "ராசி வெளிய போயிடும்" என்று மாமியார் கையை விரித்துவிட்டார். வேறு கிடாவும் வாங்கவிடவில்லை. அதன் மகள்களையும் அதனோடேயே சேர்த்தார். அப்படிப் பிறந்தவள்தான் வெள்ளச்சி. அப்பன் வழியிலும் இரட்டை, அம்மா வழியிலும் இரட்டை. இவள் மூன்றாகப் போடுவாள் என்று வீடே காத்திருந்தது. இவளோ ஒரு தடவைகூடப் பருவத்துக்கு வரவில்லை.

அன்று காலை கூத்தாநல்லூர் ஆட்டு வியாபாரி மீரா உசேன் பாய், வெள்ளச்சியைக் கறிக்கு ஏற்ற மினி லாரியோடு வந்து நின்றார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"டாக்டரம்மா ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்காங்க. இன்னிக்கு ரிசல்ட்டோட வர்றாங்க. அதுவரைக்கும் யாரும் கயித்தைத் தொடக்கூடாது."

"ஆட்டுக்கு டெஸ்ட்டாம்! அடுத்து எம்புள்ளைக்கும் டெஸ்ட்டும்பா."

"ஆமா, சொல்லுவேன். எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒரு குறையும் இல்லேன்னாச்சு. உங்க புள்ளதான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேங்கிறாரு."

பரணிதரன் லாரி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அப்படி என்ன இருந்ததோ! எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"வெள்ளச்சிக்குக் குறை இல்லேன்னு டாக்டரம்மா சொன்னா, அவர் என்கூடத் தஞ்சாவூருக்கு டெஸ்ட்டுக்கு வரணும். சம்மதமா அத்தை?"

"குறைன்னு சொல்லிட்டா?"

"அப்புறம் அந்தப் பேச்சுக்கு வாயே திறக்க மாட்டேன். எங்கம்மா மேல சத்தியம்."

பாழாய்ப்போன வாய்! ஒரு ஆட்டின் வயிற்றை நம்பி என் வாழ்க்கையைப் பந்தயம் கட்டிவிட்டேன்.

கால்நடை டாக்டர் ஹம்சத்வனி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வெள்ளச்சியின் அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரத்தத்துல வந்ததும் இதேதாங்க. இது சினை பிடிக்காது. சூல்பை வளரவே இல்ல."

"கேட்டியாடி?" என்றார் மாமியார். பாய் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். அழக்கூடாது, இவர்கள் எதிரில் மட்டும் அழவே கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

"இருங்க பாய்," என்றார் டாக்டர். "இதோட அப்பன் எது? அந்தக் கிடாவை அதோட மகள்கள்கிட்டயே விட்டீங்களா?"

பரணிதரன் மெல்லத் தலையாட்டினார்.

"உங்க மந்தையில உள்ள ஜீன் ஒரு மாதிரியானதுங்க. அப்பன், அம்மா, யாராவது ஒருத்தர்கிட்டேருந்து வந்தா கூடுதலா முட்டை பழுக்கும், இரட்டை போடும். ரெண்டு பேர்கிட்டேருந்தும் வந்துட்டா சூல்பையே முடங்கிடும். இந்த ஆடு என்ன செய்யும், பாவம்?"

"கிடா கல்லு மாதிரி இருக்கே, டாக்டரம்மா!" என்றார் பரணிதரன்.

"கிடாவுக்கு ஒண்ணும் ஆகாது. பாத்தாலும் தெரியாது. ரத்தம் எடுத்தாத்தான் தெரியும்."

பாத்தாலும் தெரியாது! என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியம் செய்த வாய். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன்.

பரணிதரன் கிடாவை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்தார். டாக்டர் அதன் கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். அவ்வளவு பெரிய கிடா அசையாமல் நின்றது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் பரணிதரன்.

"அவ்வளவுதாங்க."

அவர் கிடாவை விட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கிக் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"ஆடா, கிடாவா? எதைத்தான் ஏத்துறது?" என்றார் பாய்.

"இன்னிக்கு ஒண்ணும் வேணாம் பாய்," என்றார் மாமியார். குரல் உள்ளே போயிருந்தது. "ராசி ராசின்னு நாந்தான் சேத்துவிட்டேன். இது மேல பழியைப் போட்டேன்." வெள்ளச்சியின் கயிற்றைப் பாயிடமிருந்து தானே வாங்கிக்கொண்டார்.

பரணிதரன் திரும்பாமலே கேட்டார். "வானதி, நாளைக்குத் தஞ்சாவூருக்கு எந்த பஸ்ஸுல போலாம்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன், சத்தியம் ஞாபகம் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மாமியாரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார்.

"அவ பேசமாட்டா, சத்தியம் பண்ணியிருக்கா," என்றார் மகனிடம். "மொத பஸ்ஸு கூட்டமா வரும்டா. அடுத்ததுல ரெண்டு பேரும் உக்காந்து போங்க."