கறுப்பு போல்ட்டு

தம்புசாமியின் இரும்பு விறகடுப்பு கதவு தனி, கூடு தனி என்று கிடந்தது. கதவுக் கீலைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறி முறிந்து போயிருந்தன. மலேசியாவின் கிள்ளானில் அவர் வைத்திருந்த ஆட்டுக்கறிச் சாப்பாட்டுக் கடை அந்த அடுப்பை நம்பித்தான் ஓடியது.

"ஞாயித்துக்கிழமை காலையில கேஸ் அடுப்பு வருதுப்பா. இத பழைய இரும்புக்குப் போட்டுரலாம் லா," என்றான் மகன் முகுந்தன்.

"அதுக்கு முன்னாடி இது எரியும். போய் வேலையப் பாரு."

சனிக்கிழமை காலையில் ஹார்ட்வேர் கடைக்குப் போனார். கடைக்காரி ஹபீபா பூச்சில்லாத கறுப்பு போல்ட்டுகளை எடுத்து வைத்தாள். தம்புசாமி பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். பழைய இரும்புக் கடையில் பாதி ஆயுளைக் கழித்த மனிதர். காந்தத்தில் ஒட்டினால் மட்டச் சரக்கு, ஒட்டாவிட்டால் விலை கூடியது; அங்கே அப்படித்தான் பிரிப்பார்கள். கறுப்பு போல்ட்டு டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"விக்காத சரக்க என் தலையில கட்டுறியா? அந்தப் பளபளப்பு போல்ட்ட எடு."

"அது ஸ்டெயின்லெஸ் அங்கிள். முறுக்கும்போதே நட்டு கவ்விக்கும், சூட்டுல இன்னும் மோசம். அதுதான் வேணும்னா சூடு தாங்குற பசை தடவிப் போடுங்க."

"பசையும் உங்கிட்டதான் வாங்கணும், அதானே?"

பளபளப்பு போல்ட்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். ஸ்பேனாவைப் போட்டு ஒரே மூச்சாக முறுக்கினார். பாதி வழியில் நட்டு நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. கதவு தொளதொளவென்று ஆடியது.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி குமுதா எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நட்டுக்கும் உங்க புத்தியேவா?"

அவர் ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்தார். கை காந்தியது. போல்ட்டு விழுந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

"கறுப்பு குடு," என்றார், ஹபீபாவின் முகத்தைப் பார்க்காமல்.

"காந்தம் எங்க அங்கிள்?"

"வீட்டுல தூங்குது. அந்தப் பசையும் குடு."

இந்தத் தடவை மரையெல்லாம் பசை தடவினார். சூட்டில் இரும்பு உப்புமே என்று கொஞ்சம் இளக்கமாகவே விட்டார். சிறு தீ மூட்டி, அடுப்பு ஆறும்வரை காத்திருந்து, ஒவ்வொரு நட்டையும் திருப்பிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு திரும்பியது. அப்போதும் நம்பாமல் இன்னொரு தரம் மூட்டி, ஆறவிட்டுப் பார்த்த பிறகே படுக்கப் போனார்.

ஞாயிறு காலை முகுந்தன் கேஸ் அடுப்போடு லோரியில் வந்து இறங்கியபோது, விறகடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. கதவு ஆடாமல் மூடியிருந்தது.

"இத எங்கப்பா இறக்குறது?"

"எடுத்த கடையிலேயே இறக்கு. வரும்போது லோரி காலியாத்தான இருக்கும், விறகு ஏத்திக்கிட்டு வா."