கணப்பு மேஜைக்கு அடியில் வைத்த தேன்

மினோரி தேன் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்திருந்ததைப் பார்த்ததும் கினுயேவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னம்மா இது, தேனைப் போய் மீனோட அடுக்கி வச்சிருக்க?"

"கெட்டுப் போயிடக் கூடாதேன்னுதான் அக்கா."

"தேன் கெடுமா? நீயும் நானும் கெட்டாலும் அது கெடாது."

பாட்டிலுக்குள் தேன் கல்லாக இறுகிக் கிடந்தது. அதில் குத்திக் குத்தி ஒரு கரண்டியின் கழுத்தே வளைந்து போயிருந்தது. அந்தத் தேன் கினுயே கொடுத்ததுதான். ஜப்பானின் சுஷிமாத் தீவில், துறைமுகத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி தூரத்தில், மலையை ஒட்டிய வீட்டில் அவள் தனியாக இருந்தாள். வீட்டுக்குப் பின்னால், குடைந்த மரக்கட்டைகளில் மூன்று தேனீக் கூடுகள். வருஷத்துக்கு ஒரு தரம், இலையுதிர் காலத்தில் மட்டும் தேன் எடுப்பாள். சொந்தத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் போகக் கொஞ்சம்தான் மிஞ்சும். ஒவ்வொரு பாட்டிலிலும் தன் கையாலேயே எழுதி ஒட்டுவாள்: 'ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.'

கினுயேவுக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஷூஹெய் மீனவர் சங்கத்தின் ஐஸ் ஆலையில் வேலை பார்த்தான். அவன் மனைவி மினோரி, பிரசவ விடுப்பு முடிந்து, புத்தாண்டுக்குப் பிறகு கப்பல் டிக்கெட் கவுண்டருக்குத் திரும்பிவிட்டாள். எட்டு மாதக் கைக்குழந்தை இட்சுகியைப் பகலில் பார்த்துக்கொள்ள கினுயே தினமும் பஸ் ஏறி வந்தாள். நாலு வயது மூத்தவள் கொதோஹா பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வந்த இடத்தில் தேனுக்கு ஓர் இடம் பார்ப்பதையும் கினுயே தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். முதலில் அடுப்புக்கு மேல் தட்டில் வைத்தாள். ஒரே வாரத்தில் நிறம் கறுத்து, காட்டுப்பூ வாசனை போய்விட்டது. ஜன்னல் ஓரம் வைத்தாள். பகலில் வெயில், இரவில் குளிர் என்று மாறி மாறிப் பட்டு அடியில் குருணை தட்டியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்ததில், சரியாக மூடாத வாய் வழியே ஈரம் இறங்கி மேலாக நீர்த்துப் போனது. கடைசியில் ஒரு யோசனை வந்தது. கூடத்தில் அடியில் சூடு போட்டு, சுற்றிலும் பஞ்சுப் போர்வை தொங்கும் கணப்பு மேஜை இருந்தது. குளிர்காலம் முழுக்கக் குடும்பமே அதற்குள் காலை நீட்டித்தான் உட்காரும். தேனை மூடி போட்ட ஒரு பீங்கான் ஜாடிக்கு மாற்றி, துண்டைச் சுற்றி, மரக்கரண்டியோடு போர்வையின் ஓரத்தில் உள்ளே தள்ளி வைத்தாள். மறுநாள் காலை தேன் நூலாக ஒழுகியது.

"பாத்தியா! ரொட்டியில அப்படியே ஊத்திக்கலாம்."

மினோரி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தலையாட்டினாள். பிறகு கேட்டாள், "கீழ இருக்கே அக்கா, பிள்ளைங்களுக்கு எட்டுமே?"

"மூடி இருக்குல்ல? இவன் இன்னும் உக்காரவே தள்ளாடுறான். இவனா திறக்கப் போறான்?"

மினோரி ரொட்டித் தட்டைக் கழுவ எடுத்துப் போனாள்.

ஜனவரிக் கடைசியில் கொதோஹாவுக்கு இருமல் வந்தது. கினுயே முள்ளங்கியைச் சின்னச் சின்னதாக நறுக்கித் தேனில் ஊறவைத்து, ஊறி வந்த சாற்றை வேளைக்கு ஒரு கரண்டி கொடுத்தாள். "டாக்டர் அத்தை வந்திருக்கேன், ஆ காட்டு" என்பாள். கொதோஹா ஆவென்று வாயைத் திறப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கொதோஹாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மத்தியானம் கடல் காற்று வலுத்து, மாடியில் காயப்போட்ட துணி பறக்கத் தொடங்கியது. இட்சுகியை மெத்தையில் கிடத்திவிட்டு கினுயே மேலே போனாள். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. துணியை வாரிக்கொண்டு இறங்கியபோது ஜாடியின் மூடி தரையில் மல்லாந்து கிடந்தது. கொதோஹா மரக்கரண்டியும் கையுமாகத் தம்பிக்கு முன்னால் முழங்காலிட்டிருந்தாள். இட்சுகியின் உதடு, மோவாய், கன்னம் எல்லாம் பளபளத்தன. அவன் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு சிரித்தான்.

"நான் டாக்டர். தம்பி இருமுனான். மருந்து குடுத்தேன்" என்றாள் கொதோஹா.

துணி கினுயேவின் கையிலிருந்து நழுவியது. ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி, விரலில் ஈரத்துணியைச் சுற்றி நாக்கையும் ஈறையும் வழித்துத் துடைத்தாள். அவன் வீறிட்டான்.

"எவ்வளவு குடுத்த? சொல்லு, எவ்வளவு?"

"ஒண்ணு. இல்ல, ரெண்டு. அவன் நக்கினான் அத்தை."

தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பெரியவர்களை ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் மட்டும் அது முளைத்து விஷமாகும். கினுயேவுக்கு அது புதிதல்ல. பாட்டிலுக்குப் பாட்டில் எழுதி ஒட்டிய கை அவளுடையது. குழந்தையோடு மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொதோஹா உதட்டைப் பிதுக்கி அழ ஆயத்தமானாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டபோது கினுயேவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது.

"அழாதடி கண்ணு. ஒண்ணும் ஆகாது. அம்மாகிட்ட மட்டும் சொல்லாத, என்ன?"

சொன்ன கணமே அதைத் திரும்ப விழுங்கிவிட முடிந்தால் தேவலை என்றிருந்தது. கொதோஹா தலையை ஆட்டிவிட்டாள்.

சாயங்காலம் மினோரி வந்தாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூவினான். நல்லாத்தானே இருக்கிறான், எதற்குக் கிளறி அவளைப் பயமுறுத்த வேண்டும் என்று கினுயே தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். ஜாடியைப் பையில் போட்டுத் தன்னோடு எடுத்துக்கொண்டாள். "கழுவிட்டுக் கொண்டாரேன்" என்று பொய் சொன்னாள்.

முதல் அறிகுறி மலச்சிக்கல் என்று எங்கோ படித்திருந்தாள். புதன்கிழமை காலையிலிருந்து அணையாடையை அவிழ்ப்பதும் பார்ப்பதுமாக இருந்தாள். வெறும் ஈரம்தான். வியாழக்கிழமையும் அப்படியே.

"இவனுக்கு ரெண்டு நாளா வெளிய போகல அக்கா" என்றாள் மினோரி, கோட்டை மாட்டிக்கொண்டே. "கேரட் மசிச்சுக் குடுத்தேன்ல, அதுவாத்தான் இருக்கும். அவசரப்பட்டு ஆரம்பிச்சுட்டேன் போல."

இதோ இப்போது சொல்லிவிடலாம் என்று கினுயே வாயைத் திறந்தாள். "குடை எடுத்துக்கோ" என்றுதான் வந்தது.

அன்று பகல் முழுவதும் அவள் குழந்தையின் கண்ணிமையையே பார்த்தாள். தூக்கத்துக்குச் சொருகினாலும் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். கழுத்து சாய்ந்தால் நிமிர்த்தி, திரும்பச் சாய்கிறதா என்று பார்த்தாள். அழுகை நேற்றைவிட மெலிந்திருக்கிறதோ என்று சந்தேகம் வந்து, வேண்டுமென்றே அவன் கையிலிருந்த கிலுகிலுப்பையைப் பிடுங்கி அழவிட்டாள். ஓங்கி அழுதான். அது அவளுக்குச் சங்கீதமாகக் கேட்டது. அடுத்த நிமிஷமே தன் காரியத்தை நினைத்துக் கூசிப்போனாள்.

வெள்ளிக்கிழமை காலை இட்சுகி பாலைப் பாதியில் விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கினுயே போனை எடுத்துச் சுகாதார நிலையத்தைக் கூப்பிட்டாள். நர்ஸ் நிதானமாகக் கேட்டாள். எத்தனை மாதம், எவ்வளவு தேன், என்றைக்கு, பால் குடிக்கிறானா, தலை நிற்கிறதா. கடைசியில், "நீங்க குழந்தைக்கு அம்மாவா?" என்றாள்.

"அத்தை."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

கினுயே மெத்தையில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள்.

"குழந்தைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. போறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொல்லிடுங்கம்மா. டாக்டர் மொதல்ல அவங்களைத்தான் கேப்பார்."

குழந்தையை முதுகில் கட்டி, மேலே கோட்டைப் போர்த்திக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தாள். பத்து நிமிஷ நடை. அலை அதிகம் என்று அன்றைய கப்பலை நிறுத்திவிட்டார்கள். கவுண்டருக்கு முன்னால் ஜனம் மொய்த்தது. ஒரு கிழவர், "நாளைக்காச்சும் போகுமா போகாதா, ஒண்ணைச் சொல்லித் தொலைங்களேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த மினோரி கினுயேவைப் பார்த்ததும் எழுந்தேவிட்டாள்.

"என்னக்கா? இட்சுகிக்கு என்ன?"

"செவ்வாய்க்கிழமை இவன் தேன் நக்கிட்டான். நான் மாடிக்குப் போயிருந்தேன். கொதோஹா விளையாட்டா ஊட்டிட்டா. நான் உன்கிட்ட சொல்லல."

சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மினோரியின் முகம் வெளுத்தது. பக்கத்துப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வந்து, கினுயேவின் முதுகிலிருந்து குழந்தையை அவிழ்த்துத் தன் மார்போடு எடுத்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை" என்றாள். ஆஸ்பத்திரி வரை டாக்ஸியில் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் குழந்தையின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வாயில் விரல் கொடுத்துச் சப்ப வைத்தார். இரண்டு கையையும் பிடித்து மெல்லத் தூக்கினார். தலை கூடவே வந்தது. இட்சுகி அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தான்.

"இப்ப ஒரு அறிகுறியும் இல்ல. நக்குன பிள்ளைங்கள்ல பெரும்பாலானதுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. ஆனா இன்னிக்கு நல்லா இருக்கான்னு சொல்லி விட்டுட முடியாது. ஒரு மாசம் கண்ணும் கருத்துமாப் பாக்கணும். பால் இழுக்கத் திணறினாலோ, இமை தொங்கினாலோ, உடம்பு துவண்டாலோ, எந்நேரம்னு பாக்காம கொண்டாங்க."

வெளியே நடைபாதையில் மினோரி நின்றாள்.

"நான் கேரட்டை நெனச்சு அழுதேன் அக்கா. என்னாலதான்னு. நீங்க எதிர்லயே உக்காந்து பாத்துட்டிருந்தீங்க."

"தப்புதாம்மா."

"கொதோஹா மூணு நாளாப் படுக்கையை நனைக்கிறா. ரெண்டு வயசோட நின்னு போன பழக்கம். கேட்டா வாயே திறக்கல. அவகிட்ட சொல்லாதன்னு சொன்னீங்களா?"

கினுயே தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றே மூன்று நாளும் இவனை உற்றுப் பார்த்தவள், மூத்தவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தப் பிஞ்சுத் தலையில் இதை ஏற்றிவிட்டுத் தன் பாட்டுக்குப் பஸ் ஏறிப் போயிருக்கிறோம் என்று இப்போதுதான் உறைத்தது.

"சொன்னேன்" என்றாள்.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம். நான் லீவு போட்டுக்கறேன்."

அதில் கோபம்கூட இல்லை. கினுயே ஒன்று மட்டும் கேட்டாள். "கொதோஹாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன். நீயும் பக்கத்துலயே இரு."

பாலர் பள்ளியின் வாசலில், மினோரி பார்க்க, கினுயே கொதோஹாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "அத்தை ஒரு தப்பு பண்ணிட்டேன் கண்ணு. அம்மாகிட்ட சொல்லாதன்னு சொன்னேன்ல, அது தப்பு. ஜாடியைக் கீழ வச்சதும் அத்தை தப்புதான். உன் தப்பு ஒண்ணுமே இல்ல."

"தம்பி செத்துப் போவானா?" என்று கேட்டாள் கொதோஹா.

"மாட்டான்" என்று சொல்ல வாய் வந்தது. பயத்தை மூடிவைக்க இன்னொரு பொய்யா என்று நிறுத்திக்கொண்டாள். "டாக்டர் பாத்தார். இப்ப நல்லா இருக்கான்னார். நாம எல்லாரும் தினமும் பாத்துக்குவோம்."

சனிக்கிழமை மத்தியானம் போன் அடித்தபோது கினுயே வெந்நீர்க் கெட்டிலைக் கீழே போட்டுவிட்டாள். ஷூஹெய்தான்.

"அக்கா! போயிட்டான்!"

"டேய், என்னடா சொல்ற?"

"வெளிய போயிட்டான்னு சொன்னேன்! மூட்டை மூட்டையாப் போயிருக்கான். சட்டை, மெத்தை, என் கால் ஒண்ணும் மிச்சமில்ல."

"அறிவுகெட்டவனே, பேசத் தெரியாதா உனக்கு" என்று கத்திவிட்டு, அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இருந்தாலும் ஒரு மாதம் என்பது ஒரு மாதம்தான். கினுயே காலையும் மாலையும் போன் செய்து, "பால் இழுத்தானா?" என்று மட்டும் கேட்டாள். "இழுத்தான்" என்று மட்டும் மினோரி சொன்னாள். பத்தாம் நாள், வைக்கப் போன போனை மினோரி வைக்கவில்லை. "எனக்கு லீவு முடியுது அக்கா. திங்கட்கிழமை வாங்க. ஆனா தேன் விஷயம் நான் சொல்றபடிதான்."

"நீ சொல்றபடியே."

இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். பெரிய பாட்டில் கினுயேவின் வீட்டிலேயே இருக்கும். இங்கே ஒரு கைப்பிடி அளவு கண்ணாடிப் புட்டி, இறுக்கித் திருகும் மூடியோடு. அடுப்பின் சூடும் ஜன்னல் வெயிலும் படாத உள்ளலமாரியின் மேல்தட்டு, நாற்காலி போட்டால்தான் எட்டும். எடுக்கும் கரண்டியில் ஈரம் இருக்கக் கூடாது. வேண்டியதை ஒரு கிண்ணத்தில் வழித்துக்கொண்டு, புட்டியை மேலே ஏற்றிய பிறகுதான் சாப்பிட உட்கார வேண்டும். சாப்பிட்ட கிண்ணத்தை உடனே கழுவ வேண்டும். இறுகினால், கை பொறுக்கிற வெந்நீரில் புட்டியை நிறுத்தினால் போதும். கணப்பு மேஜைக்கு அடியில் இனிக் கால்களைத் தவிர எதுவும் போகாது.

முதல் சில வாரங்கள், கினுயே நாற்காலியிலிருந்து இறங்கும்போதெல்லாம் மினோரியின் கண் அலமாரிக் கதவுக்குப் போய்விட்டு வரும். கினுயே அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தாள். அந்தப் பார்வை தானே சம்பாதித்தது என்று அவளுக்குத் தெரியும். கொதோஹா படுக்கையை நனைப்பது மார்ச் வந்த பிறகுதான் முழுக்க நின்றது. அதற்குள் டாக்டர் சொன்ன மாதமும் ஒன்றுமில்லாமல் கழிந்திருந்தது.

மே மாதம் இட்சுகிக்கு ஒரு வயது நிறைந்தது. தேனீக்கள் கூட்டம் பிரிகிற சமயம், கூட்டை விட்டு நகர முடியாத நாள். இருந்தும் கினுயே வந்தாள். முதல் பிறந்தநாள் வழக்கப்படி, மோச்சி என்ற பெரிய அரிசிப் பலகாரம் ஒன்றை இட்சுகியின் முதுகில் கட்டிவிட்டதும் அவன் இரண்டடி வைத்து, பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

"இனிமே தேன் குடுக்கலாம்ல?" என்றான் ஷூஹெய்.

பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னும் ஒரு மாசம் போகட்டுமே" என்றாள் மினோரி.

"ரெண்டு மாசமாவே போகட்டும்" என்றாள் கினுயே.