விளக்கடியில் பச்சை

சூரியனே எட்டிப் பார்க்காத இடத்தில் பச்சை எப்படி வளர்கிறது? அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. சுற்றுலாக் குகையின் பெரிய கூடத்தில் மண்டியிட்டு, தூணின் அடியை நைலான் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தால் போகிறது. சில வாரங்களில் அதே இடத்தில், வெல்வெட் துணி ஒட்டியதுபோல மறுபடியும் பாசி. அழுத்தித் தேய்க்கவும் முடியாது, வெள்ளைக் கல் பொடிந்துவிடும்.

"ஒழுங்கா தேய்ச்சா ஏம்மா திரும்ப வருது?" என்றார் சூப்பர்வைசர். "இன்னொரு தடவை பச்சையைப் பாத்தேன், வேற ஆள் போட்டுடுவேன். அப்புறம் வந்து கண்ணைக் கசக்கக் கூடாது."

"ஈரம் சார். ஈரம் இருந்தா பாசி வரத்தானே செய்யும்?"

"குகை முழுக்க ஈரம்தான். குறிப்பிட்ட இடத்துல மட்டும் ஏன் வருது?"

அந்தக் கேள்வி வீடு வரை அவள் கூடவே வந்தது.

விடுமுறை நாளில், தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கை, குகை பார்க்கவென்றே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"தினம் நான் முட்டி தேயத் தேய்க்கிற கல்லுடி. அதுக்குப் போய் டிக்கெட்டா?"

"நீ பாத்தது பிரஷ் முனையை. பேசாம வாக்கா."

பின்பக்க இரும்புக் கதவு வழியாகவே போய்ப் பழகியவள், முதல்முறையாகக் கூட்டத்தோடு முன்வாசலில் நுழைந்தாள். வளைந்து வளைந்து இறங்கிய பாதை சட்டென்று திறந்தது. அவள் கால் நின்றுவிட்டது.

கூரை எங்கோ மேலே இருந்தது. அதிலிருந்து கல் விழுதுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. மேலே பெய்யும் மழை பாறைக்குள் கசிந்து, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறதாம். விழுவதற்கு முன் ஒவ்வொரு சொட்டும் தன் சுண்ணாம்பில் துளியூண்டை விட்டுவிட்டுப் போகிறது, அப்படிச் சேர்ந்ததுதான் இத்தனையும் என்றார் வழிகாட்டி. ஓரிடத்தில் கல், திரைச்சீலைபோல மடிந்து தொங்கியது. அதன் வழியே விளக்கு வெளிச்சம் ஆரஞ்சாகக் கசிந்தது. குளத்தில் இன்னொரு குகை தலைகீழாகக் கிடந்தது. இதற்குக் கீழேயா இத்தனை நாள் குனிந்திருந்தோம் என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஏன்க்கா, இவ்வளவு நாளா நீ நிமிந்தே பாக்கலையா?"

"நிமிந்தா தண்ணி கண்ணுல சொட்டும்டி."

வழிகாட்டி கைதட்டினார். "இங்க விளக்கை நாங்க அணைக்கறதே கிடையாது. இருட்டு எப்படி இருக்கும்னு காட்டறதுக்கு மட்டும் ஒரு நிமிஷம் அணைப்போம். குழந்தைங்களைப் பிடிச்சுக்கங்க."

பாறைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தூணின் அடி. திரைக்கல்லின் மடிப்பு. குளத்தின் கரை. கடைசி விளக்கும் போனபோது, முகத்துக்கு நேரே நீட்டிய சொந்தக் கையே தெரியவில்லை. சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அடியே, அணைஞ்சது பூரா நான் தேய்க்கிற இடம்!"

"என்னக்கா உளர்ற?"

"ஈரம் எல்லா இடத்துலயும் இருக்கு. வெளிச்சம் அங்க மட்டும்தான் விழுது. அதைத் தின்னுதான் வளருது!"

மறுநாளே சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவர் தாடையைச் சொறிந்தார். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, தூணடி விளக்கை மட்டும், கூட்டம் இல்லாத நேரமெல்லாம் அணைத்துப் பார்த்தார்கள். ஒரு மாதம் போயும் அங்கே பச்சை இல்லை. பிறகு குகையின் எல்லா விளக்குகளையும் அப்படியே அணைத்துவைக்கத் தொடங்கினார்கள்.

"வேலை உனக்குத்தாம்மா, பயப்படாதே," என்று சொல்லி, தலையில் மாட்டும் டார்ச் ஒன்றைக் கொடுத்தார்.

"நான் உள்ள இருக்கறப்பவாவது விளக்கைப் போடலாமே சார்?"

"அதான் டார்ச் குடுத்திருக்கேனே."

பாதையின் சேற்றையும் கைப்பிடியின் தூசியையும் துடைக்க அவள் விடிகாலையில் இறங்கினாள். கூடத்தில் நின்று ஒருமுறை நிமிர்ந்தாள். டார்ச் வெளிச்சம் மேலே ஏறி, மெலிந்து, கூரையைத் தொடாமலே கரைந்தது. கண்ணில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

பச்சை பிறகு வரவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே இருக்கும்போது மட்டும் விளக்கு எரியும்.